சுண்டன் வள்ள அணிப் பயிற்சி

சுண்டன் வள்ள அணிப் பயிற்சி என்பது, கேரள மாநிலத்தில் நடைபெறும் வள்ளங்களி எனப்படும் படகுப் போட்டிகளுக்காக, ஏறத்தாழ நூறு பேர் கொண்ட ஓர் அணியைத் தெரிவு செய்து, சுண்டன் வள்ளத்தை ஒரே சீராகவும் விரைவாகவும் செலுத்தப் பழக்கும் முன்னேற்பாடு ஆகும். ஆலப்புழை மாவட்டத்திலும் அதனை அடுத்த கோட்டயம், பத்தனம்திட்டை மாவட்டப் பகுதிகளிலும், பம்பை, அச்சன்கோவில், மணிமலை, மீனச்சில் ஆகிய ஆறுகள் பாயும் குட்டநாட்டுத் தாழ்நிலத்தில் இப்பயிற்சி பெரிதும் நடைபெறுகிறது. போட்டி நான்கரை நிமிடங்களில் முடிந்துவிடும். அதற்கான ஏற்பாடு பல வாரங்கள் நீடிக்கும். அதற்குப் பணம் திரட்டும் பணியோ ஆண்டு முழுவதும் தொடரும்.

இவ்வணிகளின் திறன் தனி ஆட்களின் உடல் வலுவைவிட, அவர்கள் அனைவரும் ஒரே நொடியில் துடுப்பை நீரில் இறக்கி ஒரே நொடியில் எடுப்பதையே பெரிதும் சார்ந்துள்ளது. பயிற்சியின் ஒவ்வொரு கூறும் இந்த ஒத்திசைவை நோக்கியே அமைந்துள்ளது.

வள்ளமும் அதன் வரலாறும்

வள்ளம் என்னும் சொல் தமிழிலும் மலையாளத்திலும் படகைக் குறிக்கும். படகின் முன்பகுதியைக் குறிக்கும் அணியம், பின்பகுதியைக் குறிக்கும் அமரம் ஆகிய சொற்களும் இரு மொழிகளுக்கும் பொதுவானவை. மலையாளத்தில் 'சுண்டு' என்பது உதடு அல்லது அலகு எனப் பொருள்படும். அலகு போல் நீண்ட முனையை உடையது என்பதால் சுண்டன் என்ற பெயர் வந்தது என்பர். ஆங்கிலேயர் இதனைப் பாம்புப் படகு என்று அழைத்தனர். நீரின் மேல் உயர்ந்து நிற்கும் அமரம் படமெடுத்த பாம்பு போல் தோன்றுவதே இதற்குக் காரணம்.

ஒரு சுண்டன் வள்ளம் பொதுவாக 100 முதல் 140 அடி வரை நீளமுடையது. அகலமோ ஒரு வரிசையில் இருவர் நெருங்கி அமரும் அளவே. இது அயினி மரத்தால் (மலையாளத்தில் ஆஞ்ஞிலி) கட்டப்படுகிறது. செம்பகசேரி, காயங்குளம் ஆகிய சிற்றரசுகளுக்கு இடையே நிகழ்ந்த நீர்ப் போர்களுக்காக இவ்வகைப் படகு முதலில் உருவாக்கப்பட்டது என்பது மரபுவழிச் செய்தி. படகு கட்டும் நுட்பத்தைக் களவாடக் காயங்குளம் அரசன் ஒற்றனை அனுப்பினான் என்றொரு கதையும் வழங்குகிறது. கதை உண்மையோ இல்லையோ, பிற அணியின் பயிற்சியைக் கரையோரம் நின்று நோட்டமிடும் பழக்கம் இன்றும் மாறவில்லை.

போட்டிகளில் மிகவும் புகழ்பெற்றது ஆலப்புழையின் புன்னமடைக் காயலில் நடைபெறும் நேரு கோப்பைப் போட்டியாகும். 1952 ஆம் ஆண்டு அப்பகுதிக்கு வந்த பிரதமர் சவகர்லால் நேருவுக்காக ஒரு போட்டி நடத்தப்பட்டது. அதில் நடுபாகம் சுண்டன் முதலிடம் பெற்றது. நேரு பின்னர் வெள்ளியாலான ஒரு வள்ள வடிவக் கோப்பையை அனுப்பிவைத்தார். தொடக்கத்தில் பிரதமர் கோப்பை என அழைக்கப்பட்ட இது, அவரது மறைவுக்குப் பின் அவர் பெயரைப் பெற்றது. 2019 ஆம் ஆண்டில் கேரள சுற்றுலாத் துறை, பல ஊர்களில் தொடர் போட்டிகளாக நடத்தப்படும் சாம்பியன்சு படகு லீக்கைத் தொடங்கியது. அம்பலப்புழைக் கோயிலோடு தொடர்புடைய சம்பக்குளம் மூலம் வள்ளங்களி இவற்றைவிடப் பழைமையானது. ஆறன்முளையில் பள்ளியோடங்கள் பங்கேற்கும் நிகழ்வு வழிபாட்டை முதன்மையாகக் கொண்டது. அதனை விரைவுப் போட்டிகளோடு சேர்த்து எண்ணுவது பொருந்தாது.

அணியின் அமைப்பு

வள்ளத்தின் அளவைப் பொறுத்து ஓர் அணியில் 80 முதல் 100 வரையிலான துடுப்பாளர்கள் இருப்பர். இவர்கள் இருவர் இருவராக, முன்னோக்கி அமர்ந்து துடுப்பு வலிப்பர். சென்னையில் அடையாற்றுக் கரையிலுள்ள படகுச் சங்கத்தில் காணப்படும் தண்டு வலிக்கும் படகுகளில், வலிப்பவர் பின்னோக்கி அமர்ந்திருப்பார். தண்டும் படகின் விளிம்பில் பொருத்தப்பட்டிருக்கும். சுண்டனில் துடுப்பு எங்கும் பொருத்தப்படுவதில்லை. அதன் முழு எடையையும் விசையையும் கைகளும் முதுகுமே தாங்குகின்றன.

அணியத்தில் அமரும் இருவர் ஒன்றாம் துடுப்புக்காரர் எனப்படுவர். வீச்சின் வேகத்தை நிர்ணயிப்பவர்கள் இவர்களே என்பதால், அணியில் இவர்களுக்குத் தனி மதிப்பு உண்டு. இவர்களுக்குப் பின்னால் உள்ளவர்கள் முன்னிருப்பவரின் முதுகையும் தோளையும் பார்த்தே வலிக்கின்றனர். நாற்பதாவது வரிசையில் இருப்பவருக்கு ஒன்றாம் துடுப்பு கண்ணுக்குத் தெரியாது. அந்த இடைவெளியை நிரப்புபவர்கள் நிலைக்காரர்கள். படகின் நடுவிலுள்ள வெடித்தடி என்னும் பலகையின் மீது நின்று, இடித்தடி என்னும் கட்டையால் இவர்கள் ஓங்கி இடிப்பர். முற்காலத்தில் சிறு பீரங்கி வைக்கப்பட்டிருந்த இடமே வெடித்தடி என்று கூறப்படுகிறது. கண்ணால் காண இயலாத தாளத்தை, இந்த ஓசையும் படகின் உடலில் பரவும் அதிர்வும் கடைசி வரிசை வரை கொண்டுசெல்கின்றன.

அமரத்தில் நான்கு முதல் ஆறு பேர் வரை நின்று, பங்காயம் எனப்படும் மிக நீண்ட துடுப்பால் படகின் திசையைக் கட்டுப்படுத்துவர். இவர்கள் அமரக்காரர் எனப்படுவர். உயர்ந்த அமரம் பக்கக் காற்றைப் பாய் போல வாங்கிக்கொள்வதால், படகை நேர்கோட்டில் வைத்திருப்பது எளிதன்று. தடம் விலகினால் ஓட்டத்தின் நீளம் கூடுவதோடு, திருத்துவதற்காக நீரில் அழுத்தப்படும் பங்காயமே படகுக்குத் தடையாகவும் ஆகிறது. பட்டறிவு மிக்க அமரக்காரர் எப்போது பங்காயத்தைத் தொடாமல் விடவேண்டும் என்பதை அறிந்தவர் எனலாம்.

ஒத்திசைவின் இயற்பியல்

நீரில் செல்லும் படகு இருவகைத் தடைகளை எதிர்கொள்கிறது. ஒன்று, படகு எழுப்பும் அலையால் வருவது. மற்றொன்று, நீர் படகின் மேற்பரப்பில் உராய்வதால் வருவது. நீளமான படகுக்கு அலைத்தடை கடுமையாகும் வேகம் அதிகம். 35 மீட்டருக்கு மேல் நீளமுள்ள சுண்டனுக்கு அது மணிக்கு 25 கிலோமீட்டருக்கும் மேலாகும். போட்டியில் வள்ளங்கள் அடையும் சராசரி வேகம் மணிக்கு 15 கிலோமீட்டருக்குச் சற்று மேலே மட்டுமே. ஆகவே சுண்டனின் முதன்மை எதிரி உராய்வுதான். படகின் அடிப்பகுதியை வழவழப்பாக்குவதில் காட்டப்படும் அக்கறை வெறும் சடங்கன்று என்பது இதனால் விளங்கும்.

தடையை வெல்லத் தேவைப்படும் திறன், வேகத்தின் மும்மடிக்கு நெருக்கமாக உயர்கிறது. அதாவது வேகத்தை 1 விழுக்காடு கூட்ட, ஏறக்குறைய 3 விழுக்காடு கூடுதல் திறன் வேண்டும். அந்த 1 விழுக்காடு, 4 நிமிடம் 30 விநாடி ஓட்டத்தில் 2.7 விநாடிகள் ஆகும். நீரில் அது பதினோரு மீட்டருக்கும் கூடுதலான இடைவெளி. நூறு பேரில் மூவரைக் கூடுதலாக ஏற்றி இதனைப் பெற இயலாது. அவர்களின் எடையால் படகு மேலும் அமிழும். எனவே ஏற்கெனவே உள்ள திறன் வீணாகாமல் காப்பதே வழியாகும். ஒருவர் தாமதமாகத் துடுப்பை எடுத்தால், முன்னேறிக்கொண்டிருக்கும் படகை அவர் துடுப்பு அந்த நொடியில் பின்னுக்கு இழுக்கிறது. முந்தி இறக்கினால் முன்னிருப்பவரின் துடுப்போடு மோதுகிறது.

மேலும் பின்வரிசையினர் கலங்காத நீரில் வலிப்பதில்லை. முன்வரிசைத் துடுப்புகளால் ஏற்கெனவே பின்னோக்கித் தள்ளப்பட்டு, குமிழிகள் நிறைந்த நீரே அவர்களுக்குக் கிடைக்கிறது. அதனால் அவர்கள் துடுப்பை இன்னும் விரைவாக இறக்கவேண்டும். ஒரே தாளத்தில் இருந்துகொண்டே சற்று வேறுபட்ட முறையில் வலிக்கும் இக்கலை, அந்த வரிசையில் அமர்ந்து பழகினால் மட்டுமே கைகூடும். அமரும் இடத்தைப் பயிற்சியின் தொடக்கத்திலேயே உறுதி செய்துவிடுவதன் காரணம் இதுவே.

வள்ளத்தைத் தயார் செய்தல்

போட்டிக் காலம் அல்லாத மாதங்களில் வள்ளம் மாலிப்புரை எனப்படும் கொட்டகையில் நீரிலிருந்து எடுத்து வைக்கப்படும். மரம் நீரை உறிஞ்சினால் எடை கூடும் என்பதால் உலர்த்துதல் இன்றியமையாதது. பலகைகளின் பொருத்துகள் சரிபார்க்கப்பட்டு, தேய்ந்தவை மாற்றப்படும். மரபுமுறையில் மத்தி மீனின் எண்ணெய், சிரட்டைக் கரி, முட்டை ஆகியவற்றைக் கலந்து பூசி, படகின் புறப்பரப்பை மெருகேற்றுவர். தற்காலத்தில் வார்னிசும் பயன்படுகிறது. பின்னர் நல்ல நாள் பார்த்து நீரணியல் என்னும் சடங்கோடு வள்ளம் நீரில் இறக்கப்படும்.

துடுப்புகள் பெரும்பாலும் கூந்தற்பனையின் வைரத்தால் செய்யப்படுகின்றன. இது அடர்த்தியானது, எளிதில் வளையாதது. ஆயினும் வீச்சின் அழுத்தத்தில் துடுப்பு முறிவதுண்டு.

பயிற்சி முகாம்

வள்ளத்தின் உரிமையும் துடுப்பாளர் சங்கமும் பொதுவாக வெவ்வேறு. வள்ளம் ஒரு கரைக்கு, அதாவது ஓர் ஊரின் பங்குதாரர்களுக்குச் சொந்தமாக இருக்கும். அதனை ஓட்டும் அணியைப் படகுச் சங்கம் ஒன்று திரட்டும். எந்தச் சங்கம் எந்த வள்ளத்தை ஓட்டும் என்பது ஒவ்வோர் ஆண்டும் பேசி முடிக்கப்படுகிறது. பள்ளாத்துருத்தி படகுச் சங்கம் 2018 முதல் 2024 வரை தொடர்ந்து ஐந்து நேரு கோப்பைகளை வென்றபோது (2020, 2021 ஆண்டுகளில் கொரோனாத் தொற்றால் போட்டி நடைபெறவில்லை), அவ்வெற்றிகள் ஐந்தும் ஐந்து வெவ்வேறு வள்ளங்களில் கிட்டின. பாயிப்பாடு, நடுபாகம், மகாதேவிக்காடு காட்டில் தெக்கேதில், வீயபுரம், காரிச்சால் என்பன அவை. வெற்றி வள்ளத்திற்கு உரியதா, வலித்தவர்களுக்கு உரியதா என்ற பழைய விவாதத்தில், இவ்வரிசை இரண்டாம் தரப்புக்கு வலுவான சான்றாகும்.

முகாம் தொடங்கியதும் துடுப்பாளர்கள் ஓரிடத்தில் தங்க வைக்கப்படுகின்றனர். இவர்களுள் பெரும்பாலோர் மீனவர், கொத்தனார், வண்ணம் பூசுவோர், ஓட்டுநர், வயல் வேலை செய்வோர் போன்ற நாட்கூலித் தொழிலாளர்கள். முகாமில் இருக்கும் நாட்களுக்கு வேலை இல்லை. ஆகவே கூலியும் இல்லை. அந்த இழப்பைச் சங்கம் ஈடுசெய்ய வேண்டும். மது அருந்துதல் தடை செய்யப்படும். கோயில், தேவாலயம், பள்ளிவாசல் என எல்லா வழிபாட்டிடங்களுக்கும் அணி ஒன்றாகச் சென்று வருவது வழக்கம். அணியிலேயே மூன்று சமயத்தாரும் இருப்பதால் இது இயல்பாக அமைகிறது.

நாள்தோறும் காலையில் உடற்பயிற்சி நடைபெறும். நான்கரை நிமிட ஓட்டம் தொடக்கத்தில் மட்டுமே வெடிவிசை போன்றது. முதல் அரை நிமிடத்திற்குப் பின் உடல் பெரும்பாலும் மூச்சுக்காற்றின் ஆற்றலையே நம்பி இயங்குகிறது. ஆதலால் எடை தூக்கிப் பெருத்த தோள்களைவிட, நெடுநேரம் ஓடிப் பழகிய நெஞ்சே கூடுதல் பயன் தரும். தகுதிச் சுற்றும் இறுதிப் போட்டியும் ஒரே பிற்பகலில் நடைபெறுவதும் கருத்திற்கொள்ளத்தக்கது. முதல் ஓட்டத்தின் களைப்பு நீங்கி இரண்டாவது ஓட்டத்திற்கு எவ்வளவு விரைவில் ஆயத்தமாக முடிகிறது என்பதையும் பயிற்றுநர்கள் கணக்கில் கொள்கின்றனர்.

நீரில் பயிற்சி

முதல் நாட்களில் வேகம் பற்றிய பேச்சே இருக்காது. மெதுவாக வலித்து, துடுப்பு நீரில் நுழையும் கோணம், இழுக்கும் நீளம், எடுக்கும் நொடி ஆகியவற்றை ஒன்றாக்குவர். வஞ்சிப்பாட்டின் தாளம் இங்கு உதவுகிறது. இராமபுரத்து வாரியர் இயற்றிய குசேலவிருத்தம் இவ்வகைப் பாட்டில் முதன்மையானது. வேகம் கூடக்கூடப் பாட்டு நின்றுவிடும். பின்னர் ஊதலும் இடித்தடியும் மட்டுமே ஒலிக்கும். உச்ச வேகத்தில் வீச்சு நிமிடத்திற்கு நூறை ஒட்டிச் செல்லும். தொண்ணூறு பேர் நான்கரை நிமிடம் அவ்வாறு வலித்தால், துடுப்பு நீரைத் தொடுவது மொத்தம் நாற்பதாயிரம் முறை ஆகும்.

வீச்சைக் கூட்டுவதில் ஒரு பொறி உள்ளது. எண்ணிக்கை ஏறும்போது ஒவ்வொரு வீச்சின் நீளமும் குறையும். ஓர் எல்லைக்கு மேல் நுரை மட்டுமே பெருகும், படகு விரையாது. கரையில் நிற்கும் கூட்டம் வேகமான துடுப்பைக் கண்டு ஆரவாரிக்கும். பயிற்றுநரோ அமரத்தின் பின்னால் உருவாகும் நீர்த்தடத்தைப் பார்ப்பார். இந்த எல்லை அணிக்கு அணி வேறுபடும் என்பதால், பலமுறை ஓட்டிப் பார்த்து, நேரத்தைக் குறித்தே அதனைக் கண்டறிகின்றனர்.

புறப்பாட்டுக்குத் தனிப் பயிற்சி உண்டு. நிற்கும் படகோடு ஆறேழு டன் மனித எடையையும் அசைக்க வேண்டியிருப்பதால், முதல் சில வீச்சுகள் குறுகியதாகவும் ஆழமாகவும் அமையும். படகு எழும்பியபின் வீச்சு நீளும். இம்மாற்றம் நிகழும் நொடியில்தான் தாளம் குலைவது மிகுதி.

புன்னமடைப் பகுதியில் சுற்றுலாப் படகுவீடுகளின் நெரிசலும், அவை எழுப்பும் அலைகளும், ஆகாயத்தாமரைப் படர்வும் பயிற்சிக்கு இடையூறாக உள்ளன. ஆதலின் பல அணிகள் தத்தம் ஊர் ஆறுகளிலேயே பழகிவிட்டு, இறுதி நாட்களில் மட்டும் காயலுக்கு வருகின்றன. ஓடும் ஆற்றில் எடுத்த நேரத்தைக் காயல் நேரத்தோடு ஒப்பிடும்போது நீரோட்டத்தைக் கழித்துக்கொள்ள வேண்டும். மழைக்காலமாதலால் நீரோட்டம் நாளுக்கு நாள் மாறுபடும்.

பாதுகாப்பும் பயிற்சியின் பகுதியாகும். நீந்தத் தெரியாதவர்கள் வள்ளத்தில் ஏற்றப்படுவதில்லை. 2023 ஜூலையில் சம்பக்குளம் போட்டியின்போது மகளிர் துடுப்பு வலித்த படகு ஒன்று கவிழ்ந்தது. அதிலிருந்தவர்கள் அனைவரும் மீட்கப்பட்டனர். சுண்டன் வள்ளங்களை மரபாக ஆடவரே ஓட்டுகின்றனர். மகளிர் அணிகள் தெக்கனோடி என்னும் சிறிய வகைப் படகுகளில் போட்டியிடுகின்றன.

கடிகாரத்தோடு போட்டி

முன்னர் தகுதிச் சுற்றில் முதலிடம் பெற்ற வள்ளங்களே இறுதிப் போட்டிக்குச் சென்றன. அண்மைய ஆண்டுகளில், எல்லாச் சுற்றுகளிலும் மிகக் குறைந்த நேரத்தில் ஓடிய நான்கு வள்ளங்கள் தெரிவு செய்யப்படுகின்றன. பக்கத்துத் தடத்து வள்ளத்தை முந்தினால் போதும் என்ற நிலை இதனால் மறைந்து, தகுதிச் சுற்றும் கடிகாரத்தை எதிர்த்து நடக்கும் முயற்சியாக மாறியது. வலுவற்ற எதிரி கிடைத்தால் வலிமையை மிச்சம் பிடிக்கும் பழைய உத்தி இப்போது பயன் தராது.

2024 இறுதிப் போட்டியில் காரிச்சால் சுண்டன் 4 நிமிடம் 29.785 விநாடிகளிலும், வீயபுரம் சுண்டன் 4 நிமிடம் 29.790 விநாடிகளிலும் எல்லையைக் கடந்தன. வேறுபாடு ஒரு விநாடியில் ஆயிரத்தில் ஐந்து பங்கு. அந்த வேகத்தில் இது இரண்டு அல்லது மூன்று சென்டிமீட்டர் தொலைவே ஆகும். நூறு அடிக்கு மேல் நீண்ட படகுகளுக்கிடையே இரு விரல் அகலம் எனலாம். முடிவை எதிர்த்து முறையீடு எழுந்தது. காரிச்சாலின் வெற்றி பின்னர் உறுதி செய்யப்பட்டது. அடுத்த ஆண்டில், 2025 ஆகஸ்ட் 30 அன்று, கைநகரி வில்லேஜ் படகுச் சங்கம் ஓட்டிய அதே வீயபுரம் சுண்டன் 4 நிமிடம் 21.084 விநாடிகளில் கோப்பையை வென்றது.

நெடுந்தொலைவு முயற்சிகளுடன் ஒப்பீடு

உலகின் பிற பகுதிகளில் ஆற்றில் துடுப்புப் படகு செலுத்தும் விரைவு முயற்சிகள் பல நாட்கள் நீள்கின்றன. வட அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றை அதன் பிறப்பிடமான இட்டாசுக்கா ஏரியிலிருந்து முழுவதும் கடக்கும் முயற்சி இவற்றுள் குறிப்பிடத்தக்கது. ஏறத்தாழ 3,770 கிலோமீட்டர் நீளமுள்ள இவ்வழி, சிறீநகரிலிருந்து கன்னியாகுமரி வரையிலான தேசிய நெடுஞ்சாலை 44 இன் நீளத்திற்கு இணையானது. 2003 இல் இருவர் 18 நாட்கள் 4 மணி 51 நிமிடங்களில் இதனைக் கடந்தனர். 2023 மே மாதத்தில் நால்வர் அணி ஒன்று 16 நாட்கள் 20 மணி 16 நிமிடங்களில் கடந்தது. சராசரி வேகம் மணிக்கு 9 கிலோமீட்டருக்குச் சற்று மேல் ஆகும். இதில் நீரோட்டத்தின் உதவியும் அடங்கும்.

அத்தகைய அணிகளின் பயிற்சி முற்றிலும் வேறு தன்மையது. அங்கு வீச்சின் உச்ச வேகத்திற்கு மதிப்பு குறைவு. படகு நிற்காமல் இருப்பதே முதன்மை என்பதால், ஓடும் படகிலேயே முறைவைத்து உறங்கவும், துடுப்பை வைத்துவிட்டு நொடியில் உண்ணவும், இரவில் சரக்குப் படகுகளையும் மூடுபனியையும் எதிர்கொள்ளவும் பழகுகின்றனர். கரையிலும் துணைப் படகிலும் உணவும் நீரும் கொண்டு தொடரும் குழு, வலிப்பவர்களைவிடப் பெரியதாக இருக்கக்கூடும். ஆயினும் துடுப்புகள் ஒருங்கே நீரில் இறங்கவேண்டும் என்ற விதி நால்வருக்கும் நூற்றுவருக்கும் ஒன்றே. நால்வரில் ஒருவர் தவறினால் திறனில் கால் பங்கு உடனே குறைவதை உணரலாம். நூற்றுவரில் ஒருவர் தவறுவது வெளியே தெரியாது. அதனாலேயே அதைக் கண்டுபிடித்துத் திருத்துவது கடினமாகிறது.

செலவும் வெளியூர்த் துடுப்பாளர்களும்

நூறு பேரின் உணவு, தங்குமிடம், ஈட்டுத்தொகை ஆகியவற்றுக்காக ஒரு முன்னணிச் சங்கம் ஒரே பருவத்தில் பல பத்து லட்சம் ரூபாய் செலவிடுகிறது. முதற்பரிசுத் தொகை இதில் ஒரு சிறு பகுதியையே ஈடுசெய்யும். எஞ்சியது ஊர் மக்களின் நன்கொடை, வெளிநாடு வாழ் ஊரினரின் உதவி, விளம்பரதாரர் ஆகியோரிடமிருந்து வருகிறது. போட்டித் தேதி மாறினால் இச்செலவு இரட்டிப்பாகும். 2018 இல் பெருவெள்ளத்தால் ஆகஸ்ட் போட்டி நவம்பர் 10 ஆம் நாளுக்குத் தள்ளிவைக்கப்பட்டது. 2024 ஜூலை 30 அன்று வயநாட்டில் நிலச்சரிவு ஏற்பட்டபோது, ஆகஸ்ட் 10 அன்று நடைபெறவிருந்த போட்டிக்கான பயிற்சி இறுதிக் கட்டத்தில் இருந்தது. போட்டி செப்டம்பர் 28 க்கு மாற்றப்பட்டதால், சங்கங்கள் முகாம்களைக் கலைத்து, பின்னர் மீண்டும் கூட்டவேண்டியதாயிற்று. நாட்கூலி விட்டு வந்தவர்களை இருமுறை அழைப்பதற்கு இருமுறை ஈடு வேண்டும். முதல் முகாமில் பெற்ற உடல் தகுதியும் இடைப்பட்ட வாரங்களில் குறைந்தது.

மற்றொரு சிக்கல், ஊருக்கு வெளியே இருந்து துடுப்பாளர்களைச் சேர்ப்பது. படைத்துறையிலும் துணை இராணுவப் படைகளிலும் உள்ள தேர்ந்த துடுப்பாளர்களையும், மணிப்பூர், காசுமீர் போன்ற பகுதிகளைச் சேர்ந்த படகு வீரர்களையும் சங்கங்கள் அழைத்து வருகின்றன. அணியில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் வெளிமாநிலத்தவர் இருக்கலாகாது என நேரு கோப்பைப் போட்டியின் விதிகள் வரையறுக்கின்றன. இளைஞர்கள் வேலை தேடி வளைகுடா நாடுகளுக்கும் நகரங்களுக்கும் சென்றுவிட்ட ஊர்களில், வெளியாட்கள் இன்றி நூறு இருக்கைகளை நிரப்புவது அரிது என்பது சங்கங்களின் வாதம். கரையின் பெயரைத் தாங்கிய வள்ளத்தில் அக்கரையினர் சிலரே அமர்ந்திருக்கின்றனர் என்பது எதிர்த்தரப்பினரின் குறை. பயிற்சியின் நோக்கில் பார்த்தால், வெளியிலிருந்து வருபவர் எவ்வளவு வலிமை உடையவராயினும், தம் பழைய படகில் கற்ற வீச்சை விட்டுவிட்டுப் புதிய அணியின் தாளத்திற்கு மாறவேண்டும். தனிப் படகில் பதக்கம் பெற்றவருக்கு இது எளிதன்று. குட்டநாட்டில் பிறந்து, சிறுவயதிலேயே வெப்பு, இருட்டுக்குத்தி ஆகிய சிறு வள்ளங்களில் வலித்துப் பழகியவர் அத்தாளத்தோடுதான் முகாமுக்கு வருகிறார். தகுதிப் பட்டியலில் பின்தங்கிய உள்ளூர்க்காரர் ஒருவரை, வலுமிக்க வெளியூர்க்காரருக்குப் பதிலாகப் பயிற்றுநர் வரிசையில் அமர்த்துவது இதனாலேயே.